தேரி உச்சிக்கு ஜீப் தடம்

ஜன்னல் ஓரம் நீங்க உக்காருங்க அண்ணாச்சி. எனக்கு மூஞ்சில காத்தடிச்சா ஆகாது. திருப்பூர் வரைக்குமா? நானும் திருப்பூர்தான். பனியன் யாவாரமா? அப்படித்தான் நெனச்சேன். நான் என் தங்கச்சியப் பாக்கப் போறேன். கூடப் பொறந்த ஒரே தங்கச்சி. பட்டுக்கனின்னு பேரு. ஒண்ணரை வருசமா எங்கூடப் பேச மாட்டேங்கா. நான் போன் போட்டா எடுக்கதே இல்ல. எம் பொஞ்சாதி நம்பர்ல இருந்து போட்டா எடுப்பா, என் சத்தம் கேட்டதும் வச்சிருவா. நான் அப்படி என்ன செஞ்சிட்டேன்? நீங்க மூணாவது மனுசரு, கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க. எம்மேல தப்புன்னு நீங்க சொன்னா அடுத்த ஸ்டாப்புலயே எறங்கி ஊருக்குத் திரும்பிருதேன்.

எங்க ஊரு கருக்குவிளை. திசையன்விளைக்குப் பக்கம். தேரி பாத்திருக்கியளா? செவப்பு மணலு. செங்கல்லப் பொடிச்சு மலை மலையா கொட்டி வச்சாப்ல கெடக்கும். தமிழ்நாட்டுக்குள்ள பாலைவனமான்னு வெளியூர்க்காரங்க வாயப் பொளப்பாவ. வைகாசி பொறந்தா மேக்க இருந்து காத்து வரும், ஆவணி வரைக்கும் ஓயாது. அந்தக் காத்துல மணலு நடக்கும் அண்ணாச்சி. நெசமாவே நடக்கும். மேக்குத் தேரின்னு பெரிய மேடு ஒண்ணு இருக்கு, வருசா வருசம் அது ஊரப் பாத்து நகந்து வரும். அதுக்கு அடில கெழக்குப் பக்கம்தான் எந்தங்கச்சி வீடு. அவ மாப்பிள்ள லிங்கத்துரை முருங்கை போட்டிருந்தான், சிமெண்ட் உறை அடுக்கின கிணறு ஒண்ணு இருந்துச்சு. நல்ல பையன், அதிர்ந்து பேச மாட்டான். ஆடி மாசம் வந்துட்டா அவிய வீட்டுல சோத்துல மண்ணு, தண்ணில மண்ணு, பாயி உதறுனா மண்ணு. அது எல்லாருக்கும் பழகின விசயம். மண்ணு தின்னே வளந்தவங்க நாங்க.

அப்பம்தான் வத்சலா மேடம் வந்தாவ. கோயம்புத்தூர்க்காரங்க. ஒரு அறக்கட்டளை வச்சிருந்தாவ. பள்ளிக்கூடத்துல ஊரக் கூட்டி வச்சு, "மணல நிறுத்தணுமுங்க. அதுக்கு இந்த மண்ணுலயே மொளைக்கிற செடிதான் வேணும்"னாவ. "செடி வந்தா பறவை வரும், முயல் வரும். அதப் பாக்க வெளியூர்ல இருந்து ஆளு வருவாங்க. அவங்க குடுக்கறத வச்சு மறுபடி செடி நடலாம். உங்களுக்கும் வேலை கெடைக்கும், தேரியும் பொழைக்கும்"னாவ. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. எந்தங்கச்சி மொத வரிசைல உக்காந்து அந்தம்மா வாயவே பாத்துக்கிட்டு இருந்தா. எனக்கு என்னன்னா, ஆளு வருவாங்கன்னு சொன்னது மட்டும் காதுல விழுந்துச்சு. ஆளு வந்தா கூட்டிட்டுப் போக வண்டி வேணும்லா? நான் அதுவரைக்கும் அடுத்தவன் லோடு ஆட்டோ ஓட்டிக்கிட்டு இருந்தவன். பொஞ்சாதி சங்கிலிய வித்து நாகர்கோவில்ல ஒரு பழைய ஜீப் எடுத்தேன். தங்கச்சி செடிக்குப் போனா, நான் ஸ்டியரிங் புடிச்சேன். ரெண்டு பேரும் ஒரே வேலைலதான் இருந்தோம் அண்ணாச்சி. அத நீங்க மனசுல வச்சுக்கிடணும்.

அவ உழைச்சத நான் குறை சொல்ல மாட்டேன். ஊர்ப் பொம்பளைங்களக் கூட்டிக்கிட்டு, காத்துக்குக் குறுக்க பனையோலைத் தட்டி கட்டி, அந்தத் தட்டி மறைவுல குழி எடுத்து நட்டாவ. குடைவேலு, விடத்தலை, கொழுஞ்சி, ஆவாரை. மணலுக்குள்ள கொடம் சுமந்து நடந்திருக்கியளா? ஒரு எட்டு வச்சா அரை எட்டுப் பின்னால வரும். அதுலதான் தெனமும் தண்ணி சுமந்தா. காஞ்சு போன செடியப் புடுங்கிட்டு அதே குழில மறுபடி நடுவா. "போதும்டி, ஒண்ணு போனா போவுது"ன்னு நான் சொல்லுவேன். "ஒண்ணு போனா அந்த வழியா மணலு வந்துரும்ணே"ம்பா.

ரெண்டாவது வருசம் ஆடி மாசம். என்னையச் சாப்பிடக் கூப்பிட்டா. போயி உக்காந்தேன். சோத்தப் போட்டுட்டு எதுக்க நின்னு, "அண்ணே, நல்லா மெல்லு"ங்கா. மென்னேன். "நறநறங்குதா?"ன்னு கேக்கா. இல்ல அண்ணாச்சி. வெளிய காத்து ஓலையப் பிச்செறியுது, சோத்துல ஒரு பொட்டு மண்ணு இல்ல. லிங்கத்துரை சிரிக்கான். இவளுக்குக் கண்ணுல தண்ணி நிக்கு. ஒரு வாய்ச் சோத்துக்கு யாராவது அழுவாங்களா? அவ எப்பவும் அப்படித்தான். சின்ன விசயத்தப் பெருசா எடுத்துக்கிடுவா. பின்னால நடந்ததுக்கெல்லாம் இந்தக் குணம்தான் காரணம்.

ஆளு வந்தாவ. மொதல்ல வந்தவங்க நீளமா கேமரா வச்சிருப்பாவ, சத்தமே போட மாட்டாவ. எங்க தேரில ஒரு ஓணான் உண்டு, கழுத்துல விசிறி மாதிரி விரிக்கும். அதப் பாக்கதுக்கு ஒருத்தர் ரெண்டு நாளு மணல்ல குப்புறப் படுத்துக் கெடந்தாரு. அவருகூட எந்தங்கச்சிதான் போனா. ஜீப்பு வேண்டாம், நடந்தே போறேன்னுட்டாரு. எல்லாரும் நடந்தா நான் எப்படிப் பொழைக்க? அப்பம்தான் ஜெரால்டு வந்தாரு. ஆளு வந்து தங்குததுக்குக் கூடாரம் போட்ட மேனேஜரு. மேடம் செடிப் பக்கம், அவரு விருந்தாளிப் பக்கம். வந்த அன்னைக்கே என்னைய 'கேப்டன்'னு கூப்பிட்டாரு. எங்க ஊர்ல என்னைய யாரும் மரியாதையா ஒரு பேரு சொல்லிக் கூப்பிட்டது கெடையாது. தவசின்னுவான், தவசிப்பயன்னுவான். இவரு எல்லார் முன்னாலயும் "கேப்டன், வண்டிய எடுங்க"ம்பாரு. நல்ல மனுசன்.

ஜெரால்டு வந்த பிறகு கூட்டம் பிச்சுக்கிட்டுது. கல்யாணத்துக்கு முந்தி படம் புடிக்க மாப்பிள்ள பொண்ணு வரும், காலேஜ் பசங்க வருவாவ. வண்டிய விட்டு எறங்குனதும் கேக்க மொதக் கேள்வி, "அண்ணா, பாலைவனம் எங்க?" இதுதான் பாலைவனம்னா, "இங்க செடியா இருக்கே"ன்னு மூஞ்சியச் சுளிப்பாவ. அவிய போன்ல பாத்துட்டு வந்தது பழைய படம். சுத்தச் செவப்பு, ஒரு புல்லு பூண்டு இல்லாம. நாங்க என்ன செய்ய? செடி வளர வளர ஆளு குறைய ஆரம்பிச்சுது. மேடம் சொன்னதுக்கு நேர் மாறா நடக்கு. ஜெரால்டு ஒரு நாள் தோள்ல கையப் போட்டு, "கேப்டன், மேக்குத் தேரி உச்சி இன்னும் மொட்டையாத்தான இருக்கு, அங்க ஏத்திப் பாப்போமா?"ன்னாரு.

மொட்டைன்னு சொல்ல முடியாது. உச்சில முந்தின வருசம் நட்டது அங்கங்க நின்னுச்சு, ஏறுத சரிவுல அப்பம்தான் புதுசா நட்டிருந்தாவ. குச்சி குச்சியா நின்னுச்சு, தூரத்துல இருந்து பாத்தா தெரியாது. நான் ஒரு மாப்பிள்ள பொண்ண ஏத்திக்கிட்டுப் போறேன். சரிவுல நடுவுல எந்தங்கச்சி கொடத்தோட நிக்கா.

"அண்ணே, வண்டிய நிறுத்து."

"ஏட்டி, தள்ளு. ஆளு இருக்காவ."

"போன மாசம் நட்டது. இன்னும் வேரு புடிக்கல."

"ஓரமாத்தான் போறேன்."

"ஓரம் எதுன்னு நீயே காட்டு. நான் தள்ளிக்கிடுதேன்."

எல்லாப் பக்கமும் நட்டு வச்சிருந்தா ஓரத்த எங்கன காட்ட? வண்டில இருந்த பொண்ணு இதையும் போன்ல படம் புடிக்கா. வெளியூர்க்காரங்க முன்னால கூடப் பொறந்தவனக் கொடத்தோட மறிச்சு நிக்கது நல்லாவா இருக்கு? எனக்கு ரோசம் வந்துட்டு. பின்னால எடுத்து, சுத்திக்கிட்டு, சரிவுக்கு வடபக்கமா ஏத்தினேன். அங்கனயும் கொஞ்சம் செடி இருந்துச்சு. கொஞ்சம்தான். திரும்பி வரும்போது அவ அங்கயே உக்காந்திருந்தா, சாஞ்ச குச்சிய நிமித்தி மண்ணு அணைச்சுக்கிட்டு. என்னைய ஏறிட்டுப் பாக்கல. நானும் நிறுத்தல.

நான் ஒருத்தன் போன தடத்துல பெறகு மத்த ஜீப்பும் போச்சு. அதுக்கு நான் பொறுப்பா? நாலு சக்கர பைக்கு கொண்டு வந்தாவ, அதுவும் அந்தத் தடத்துலதான் ஏறும். மேடம் ஒரு கூட்டம் போட்டாவ. எந்தங்கச்சி முறிஞ்ச செடிய ஒரு ஓலைக் கடவப் பெட்டில அள்ளிட்டு வந்து நடுவுல வச்சா. ஜெரால்டு சொன்னாரு, "ஆளு வரலேன்னா செடிக்கு யாரு செலவழிப்பா? உச்சிய மட்டும் விட்டுக்குடுங்க." மேடம் அந்தக் கடவத்தப் பாத்துக்கிட்டே, "உச்சி மட்டும்தாங்க, சரிவுல கை வைக்கக் கூடாது"ன்னாவ. எந்தங்கச்சி அந்தம்மாவப் பாத்த பார்வை இருக்கே. ரெண்டு மாசம் கழிச்சு அறக்கட்டளைக்கு வந்துகிட்டிருந்த உதவி நின்னுட்டு. மேடம் எல்லார் கையையும் புடிச்சு அழுதுட்டுத்தான் போனாவ. திரும்ப வருவேன்னாவ. வரல.

உச்சில இருந்த செடிய எடுத்தது நான்தான். அத மறைக்கல. ஜீப்புல சங்கிலி கட்டி இழுத்தா சுளுவா வந்துரும். மேடமே சரின்னு சொன்ன எடம்தானே? நல்லா வேரு ஓடியிருந்துச்சு, ஆள் நீளத்துக்கு. எடுத்து முடிச்சதும் பாக்கணுமே அண்ணாச்சி, சும்மா செக்கச் செவேல்னு! அந்தத் தை மாசம் வந்த கூட்டத்த நீங்க பாத்திருக்கணும். ஒரு பொண்ணு உச்சில நின்னு சேலைய விசிறிவிட்டு எடுத்த படத்த எத்தனையோ லட்சம் பேரு பாத்தாவளாம். அந்தப் படத்துல ஓரத்துல என் ஜீப்பும் இருக்கும்.

பெறகு வைகாசி வந்துச்சு.

காத்தப் பத்தி நான் என்ன சொல்ல? காத்து யாரு சொன்னாலும் கேக்காது. உச்சில தொறந்து கெடந்த எடத்துல புகுந்து, ஜீப் தடம் வழியா மணல அப்படியே கால்வாய்த் தண்ணி மாதிரி எறக்கிட்டு வந்துச்சு. அது எறங்குன எடம் எந்தங்கச்சி தோட்டம். முருங்கை இடுப்பளவுக்கு முங்கிட்டு. கிணத்துக்குள்ள தெனமும் மண்ணு விழும். லிங்கத்துரை தெனமும் எறங்கி கடவத்துல அள்ளிக் குடுப்பான், இவ மேல நின்னு இழுப்பா. நான் சொன்னேன், காத்து ஓயட்டும், பெறகு மிசின் வச்சு அள்ளிக்கிடலாம்னு. குடிக்கத் தண்ணி வேணும்லான்னான் அவன்.

ஒரு நாள் சாயங்காலம் நான் உச்சில நிக்கேன். மதுரைல இருந்து ஒரு குடும்பம் வந்திருந்துச்சு. பொஞ்சாதிட்ட இருந்து போன் வந்துச்சு, கட் பண்ணினேன். மறுபடி வந்துச்சு, கட் பண்ணினேன். மூணாவது தடவ எடுத்தா, காத்துச் சத்தத்துல சரியாக் கேக்கல. கிணத்துல மண்ணு விழுந்துட்டுங்கா. அது தெனமும் விழுததுதானே? வாரேன்னு சொன்னேன். வாரேன்னுதான் சொன்னேன் அண்ணாச்சி, வர மாட்டேன்னு சொல்லல. சூரியன் எறங்குத நேரம். அதப் பாக்கத்தான் அந்தக் குடும்பம் அவ்வளவு தூரம் வந்திருக்கு. பாதில எப்படி எறக்க? அது முங்கினதும் ஒரு நிமிசம் நிக்கல, நேரா வண்டிய விட்டேன்.

கிணத்து உறை நகந்து, லிங்கத்துரை நெஞ்சு வரைக்கும் புதைஞ்சு நிக்கான். அள்ள அள்ள மேல இருந்து சரியுது. எந்தங்கச்சி உள்ள எறங்கி அவன் வாயில மண்ணு போகாம கையால அணை கட்டிக்கிட்டு இருக்கா. நான்தான் கயித்தக் கட்டிக்கிட்டு எறங்கினேன். இந்தக் கையாலதான் தோண்டினேன். இந்த வெரலப் பாருங்க, நகம் பிஞ்சு மொளைச்சது, இன்னும் கோணலாத்தான் இருக்கு. உசுரோட எடுத்தேனா இல்லியா? இடுப்புக்குக் கீழ வெளங்கல, அது விதி. கொஞ்சம் முந்தி எடுத்திருந்தா நரம்பு தப்பிச்சிருக்கும்னு பாளையங்கோட்டைல டாக்டர் சொன்னாரு. டாக்டருங்க அப்படித்தான், எப்பவும் முந்தியே வந்திருக்கணும்பாவ.

ஆஸ்பத்திரி வராண்டால எந்தங்கச்சி எங்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டா. "அண்ணே, நீ எப்பம் கெளம்பினே?" நான், "போன் வந்ததும் கெளம்பிட்டேன்"னேன். அவ தலைய ஆட்டிக்கிட்டா. அவ்வளவுதான். அதுதான் கடைசிப் பேச்சு. நான் தோண்டி எடுத்ததுக்கு ஒரு வார்த்தை உண்டா? கெடையாது.

ஆவணி முடியும்போது அவ வீட்டு வாசக் கதவு தொறக்க முடியல, மணலு ஜன்னல் மட்டத்துக்கு வந்துட்டு. ஜன்னல் வழியாத்தான் லிங்கத்துரைய வெளிய தூக்கினோம். நானும் ஒரு கை புடிச்சேன். என் கைய எடுத்துட்டு அவ அந்த எடத்துல புடிச்சா. திருப்பூருக்குப் போயிட்டாவ. இப்பம் ஏதோ பனியன் கம்பெனில நூல் பிசிறு வெட்டுதா. ரூமுல அவனப் படுக்க வச்சுட்டு வேலைக்குப் போறா.

எனக்கு மட்டும் என்ன வாழுது? வண்டி போற ரோட்டயும் மணலு மூடிட்டு. ஜெரால்டு கூடாரத்தச் சுருட்டிக்கிட்டு ராமேஸ்வரம் பக்கம் போயிட்டாரு, நம்பர மாத்திட்டாரு. ஜீப்பு பாதி மணலுக்குள்ள நிக்கு. பாதி ஊரு காலி. மறுபடி சோத்துல மண்ணு.

ஆனா கடவுள் ஒரு வழி விடுவாரு பாத்தியளா. வடக்கு மேடுன்னு ஒரு எடம், எங்கப்பா தங்கச்சிக்குச் சீதனமாக் குடுத்தது. ஒண்ணுக்கும் ஆகாத மணல் மேடு. அவ மொதமொதல்ல நட்டது அங்கதான். எந்த வண்டியும் அந்தப் பக்கம் போகல. அங்க இப்பம் காடு அண்ணாச்சி! குடைவேலு குடை புடிச்சாப்ல நிக்கு. மயிலு அடையுது. மணலு ஒரு அடி நகரல. அதுக்குக் கெழக்க இருக்க நாலஞ்சு வீடு மட்டும்தான் முங்காம தப்பிச்சு நிக்கு. அத யாரோ படம் புடிச்சுப் போட்டு, பெங்களூர்ல இருந்து ஒரு பார்ட்டி வந்திருக்காவ. பாலைவனத்துக்கு நடுவுல காடு, அதுக்குள்ள தங்குற ரூமு. பச்சையா இருக்கணும், அதுதான் இப்பம் ஆளுக்குப் புடிக்காம். ரூமுக்கும் பாதைக்கும் ஒரு நீச்சல் கொளத்துக்கும் மட்டும் கொஞ்சம் மரம் எடுக்கணும். மத்தபடி தொட மாட்டாவ. சுத்தி உள்ளவன் எல்லாம் எடத்தக் குடுத்தாச்சு. இவளுது நடுவுல நிக்கு. அதப் பேசத்தான் போறேன். அவளுக்கும் நல்லதுதானே? லிங்கத்துரையக் கூட்டிட்டு ஊருக்கே வந்துரலாம். அங்கயே பெருக்கித் தொடைக்க வேலை போட்டுத் தாரேன்னு அந்தப் பார்ட்டி சொல்லியிருக்காவ. எனக்கும் ஒரு புது வண்டி.

அண்ணாச்சி, ஒரு உதவி. உங்க போன்ல இருந்து அவளுக்கு ஒரு தடவ போட்டுத் தாரியளா? தெரியாத நம்பர்னா எடுப்பா. அட்ரஸ் சரியாத் தெரியாது எனக்கு. வேலம்பாளையம்னு மட்டும்தான் தெரியும். நம்பர் இந்தா. மணியடிக்கா? குடுங்க, குடுங்க.

ஏ பட்டு. நான்தான். வச்சிராத, வச்சிராதட்டி. பஸ்ஸுல வாறேன். உன்னையப் பாக்கத்தான். சண்டைக்கு இல்ல. மாப்பிள்ள எப்படி இருக்கான்? ம். ம். சாப்பிடுதானா? ம்.

என்னது? சத்தமாச் சொல்லு, மிசின் சத்தம் கேக்கு. வடக்கு மேடா? இருக்கு பட்டு. இருக்கு. தலைக்கு மேல போயிட்டு. ஆமா, எல்லாம் நிக்கு. மயிலு அடையுது. மணலா? நகரவே இல்ல. நம்ம பிச்சைமுத்துச் சித்தப்பா வீடு, அங்க உள்ள வீடெல்லாம் அப்படியே நிக்கு. ஏட்டி, அழுதியா? எதுக்கு அழுக? சரி. சரி. பஸ் ஸ்டாண்டுல நிக்கேன், வா. சரி.

பாத்தியளா அண்ணாச்சி! பேசிட்டா. ஒண்ணரை வருசம் கழிச்சு எந்தங்கச்சி எங்கூடப் பேசிட்டா. நீங்க நல்லா இருக்கணும். வேற ஒண்ணுமே கேக்கல, வடக்கு மேட்டுல மரம் நிக்கான்னு மட்டும் கேட்டா. நிக்குன்னேன், அழுதுட்டா. "போயிராதண்ணே, வந்து சாப்பிட்டுட்டுப் போ"ன்னா. பஸ் ஸ்டாண்டுக்கு அவளே வாரேங்கா. நான் அப்பவே பொஞ்சாதிட்ட சொன்னேன், ரத்த பாசம் விடாதுன்னு.

இனி ஒரு கொறையும் இல்ல. அவ சரின்னு சொல்லிருவா. அந்த நம்பிக்கைலதான் பெங்களூர்க்காரங்ககிட்ட நேத்தே சொல்லிட்டேன், எந்தங்கச்சி என் பேச்சத் தட்ட மாட்டா, நீங்க வேலைய ஆரம்பிங்கன்னு. காலைல நான் வீட்ட விட்டுப் பொறப்படும்போது ஜேசிபி வந்துட்டு. ஓரத்துல ரெண்டு வரிசைதான் சாச்சிருந்தான்.

என்ன அண்ணாச்சி, அப்படிப் பாக்கிய? மரம் நிக்குன்னு சொன்னேன், அது பொய்யா? நான் பாக்கும்போது நின்னுச்சு.